சுறா உலவும் கடலில் ஆர்தர் கிளார்க்

விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆர்தர் சி. கிளார்க் ஒரு நாளும் விண்வெளிக்குப் போனதில்லை. அவர் போனது கடலுக்கடியில். உடலின் பாரம் தெரியாமல் மிதக்க, மண்ணில் பிறந்தவனுக்கு அதுவே வழி என்று அவர் கண்டார்.

1917 டிசம்பர் 16-ல் இங்கிலாந்தின் கடற்கரை ஊரான மைன்ஹெட்டில் பிறந்தார். கல்லூரியில் சேரப் பணமில்லை. லண்டனில் ஓய்வூதியக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அரசு உத்தியோகத்தில் அமர்ந்தார். பூமியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக் கோள்கள் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-ல் எழுதினார். இன்று நல்லேப்பிள்ளி வீட்டுக் கூரைகளில் டிஷ் ஆன்டெனாக்கள் வானத்தை நோக்கி நிற்பது அந்த வழியில்தான்.

1956-ல் இலங்கையில் குடியேறினார். நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைக் கடலில் மூழ்கி, போர்த்துகீசியர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களை நீருக்கடியில் கண்டார்.

பவளப்பாறை என்பது வேட்டை மீன்களின் வீடு. பொந்தில் களவாவும் அஞ்சாலையும் பதுங்கியிருக்கும். வெளியே சீலாவும் சுறாவும் சுற்றி வரும். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள், சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டியின் மந்திரத்தை நம்பி இறங்கினார்கள். காற்று சிலிண்டர் கட்டி இறங்கியவர்களுக்கு மீனின் குணமறிவதே மந்திரமாயிற்று. பொந்தில் கைவிட்டால் அஞ்சாலை கடிக்கும். ஈட்டியில் குத்துண்ட மீனின் துடிப்பும் இரத்தமும் சுறாவை அழைத்து வரும். சீண்டாதவனைப் பெரும்பாலான மீன்கள் சீண்டுவதில்லை.

1961-ல் இலங்கையின் தென்கிழக்கே, கிரேட் பேசஸ் கலங்கரை விளக்கத்தை அடுத்த பாறையில், வில்சனும் இரு சிறுவர்களும் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டார்கள். அதில் 1702-ல் சூரத்தில் அச்சான வெள்ளி நாணயங்கள் குவிந்து கிடந்தன.

மறு ஆண்டே கிளார்க்கை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கை கால்கள் செயலிழந்தன. ஆனாலும் 1963-ல் அந்தப் பாறைக்குப் புறப்பட்ட குழுவில் அவரும் இருந்தார். நிலத்தில் நடக்கத் தடுமாறிய உடலை நீர் தாங்கிக் கொண்டது. கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியே துணையாயிற்று.

2004 டிசம்பரில் வந்த சுனாமி, ஹிக்கடுவையில் அவர் வைத்திருந்த முக்குளிப்பு நிலையத்தை அழித்தது. அதன் பிறகும் அவர் இலங்கையை விட்டுப் போகவில்லை. 2008 மார்ச் 19-ல் தமது 90-ம் வயதில் கொழும்பில் காலமானார்.