திசைக்கு எண் தேடியவர்

வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1805ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் பிறந்தார். இளமையிலேயே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், சமற்கிருதம் முதலிய மொழிகளைக் கற்றார். பின்னர் அவர் உள்ளம் கணிதத்தில் தோய்ந்தது. 1827இல், மாணவராக இருந்தபோதே, டிரினிட்டி கல்லூரியின் வானியல் பேராசிரியராக நியமிக்கப்பெற்றார்.

நிறை, காலம், வெப்பநிலை ஆகியவற்றைக் கூற ஓர் எண் போதும். ஆனால், காற்றின் வேகத்தை மட்டும் அறிவது படகோட்டிக்குப் போதாது. அது வீசும் திசையையும் அவர் அறிதல் வேண்டும். இத்தகைய திசைகளை எண்களைப் போலக் கூட்டவும் பெருக்கவும் இயலுமா என ஹாமில்டன் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். மும்மூன்று எண்களாகச் சேர்த்துப் பார்த்தார். கூட்டல் எளிதாயிற்று, பெருக்கல் கைகூடவில்லை. 1843 அக்டோபரில், காலை உணவின்போது, பெருக்க முடிந்ததா என்று அவருடைய மைந்தர்கள் நாள்தோறும் வினவுவர். கூட்டவும் கழிக்கவும் மட்டுமே இயலும் என்று அவர் வருத்தத்துடன் தலையசைப்பார்.

அம்மாதம் 16ஆம் நாள், மனைவியுடன் ராயல் கால்வாய்க் கரையில் நடந்து செல்கையில் விடை தோன்றியது. மூன்று எண்கள் போதா, நான்கு வேண்டும்! மகிழ்ச்சி மேலிட, அச்சூத்திரத்தை அங்கிருந்த பாலத்தின் கல்லில் கத்தியால் பொறித்தார். அந்நான்கனுள் திசையற்ற ஒன்றுக்கு ஸ்கேலர் என்றும், திசையுடைய மூன்றும் சேர்ந்த பகுதிக்கு வெக்டர் என்றும் பின்னர்ப் பெயரிட்டார். தமிழில் அவை திசையிலி, திசையன் எனப்படும். வேகம் திசையிலி, திசையும் சேர்ந்த திசைவேகம் திசையன்.

ஹாமில்டன் 1865இல் மறைந்தார். கல்லில் அவர் பொறித்த எழுத்துகள் அழிந்துவிட்டன. அவர் இட்ட பெயர்களோ இயற்பியல் வகுப்புகளில் இன்றும் வழங்குகின்றன.