கல்கி நடந்து பார்த்த கதைக்களம்!

‘பொன்னியின் செல்வன்’ படிக்கிறப்போ அனுராதபுரத்துல நீங்களே நடக்குற மாதிரி தோணுதா? காரணம் இருக்கு. கல்கி அங்கே நேர்ல போய்ப் பார்த்தார்.

1899-ல் மாயவரம் அருகே புத்தமங்கலத்தில் பிறந்த கிருஷ்ணமூர்த்திதான் கல்கி. கூகுள் மேப் இல்லாத காலத்தில், இந்த ஒரு நாவலுக்காக மூன்று முறை இலங்கை போனார். ஓவியர் மணியத்தையும் கூட்டிட்டுப் போனார். இவர் பார்த்தது கதையாச்சு. அவர் பார்த்தது படமாச்சு.

பத்திரிகை ஆசிரியர் வேலைக்கு நடுவே, 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். கதை முடிந்த அதே ஆண்டு டிசம்பரில், 55 வயதில் காலமானார். ஆனா, அவர் காட்டிய வழி அப்படியே இருக்கு.

அடுத்த டிரிப் வீராணம் ஏரிக்கோ கோடிக்கரைக்கோ போறீங்களா? ரீல்ஸ் எடுக்கும் முன்னாடி, கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாருங்க. வந்தியத்தேவன் குதிரைச் சத்தம் கேட்கலாம்!