செஞ்சியை ஆண்ட தேசிங்கு

செஞ்சிக் கோட்டை என்றதும் நினைவுக்கு வருபவன் தேசிங்கு ராஜன். தேசிங்கு என்றதும் நினைவுக்கு வருவது அவனுடைய குதிரை. ஆனால், அவன் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை! போரில் மாண்டபோது அவனுக்கு வயது 22தான்.

தேசிங்கு, புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரன். தேஜ்சிங் என்ற பெயர் தமிழ் மக்களின் நாவில் தேசிங்கு ஆயிற்று. மராத்தியர் வசம் இருந்த செஞ்சியைப் பல ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698ல் மொகலாயர் பிடித்தனர். கோட்டையின் தலைமை, தேசிங்கின் தந்தை சொரூப்சிங்குக்குக் கிடைத்தது.

அடங்காத குதிரை

டில்லி பாதுஷாவிடம் ஒரு முரட்டுக் குதிரை இருந்ததாம். தந்தையால் அடக்க முடியாத அந்தக் குதிரையை மகன் அடக்கிப் பரிசாகப் பெற்றான் என்பது கதைப்பாடல் சொல்லும் செய்தி.

1714ல் தந்தை இறந்தார். தேசிங்கு செஞ்சிக்கு வந்து பட்டத்தை ஏற்றான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் அதை ஒப்பவில்லை. பாதுஷாவின் புதிய உத்தரவு வேண்டும். பழைய கப்ப பாக்கியையும் கட்ட வேண்டும் என்றார். தந்தைக்குப் பின் கோட்டை தன்னுடையதே என்றான் தேசிங்கு. பணிந்து போகச் சொன்னவர்களின் பேச்சு அவன் காதில் ஏறவில்லை.

கடைசிப் போர்

1714 அக்டோபர் 3ந் தேதி. ஆற்றில் வெள்ளம். துணைப்படைக்குக் காத்திராமல் குதிரையை ஆற்றில் இறக்கினான் தேசிங்கு. அக்கரை சேர்ந்தவர்கள் சிலரே. எதிரே நவாபின் பெரும்படை! உயிர்த்தோழன் மகபத்கான் களத்தில் விழுந்தான். குதிரையும் வீழ்ந்தது. இறுதியில் தேசிங்கும் மாண்டான்.

இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக எழுந்த ஊரே ராணிப்பேட்டை என்பார்கள்.

தோற்றவன் புகழ்

பின்னர் 1750ல் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைப் பிடித்தனர். 1761ல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 2025ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம் பெற்றது.

கோட்டையைப் பிடித்தவர்கள் பலர். மக்கள் பாட்டில் வாழ்பவனோ, அதை இழந்த தேசிங்கு. இந்து அரசனுக்காக உயிர் கொடுத்த முஸ்லிம் தோழனும், எஜமானைச் சுமந்து சென்ற குதிரையும் நீலாம்பூண்டியில் அடக்கமானதாக ஊரார் சொல்கிறார்கள். வெற்றி நவாபுக்கு, புகழ் இந்த மூவருக்கு!