'டுபுக்' சத்தம் கேட்ட விஞ்ஞானி!

கவிநாடு கண்மாயிலோ, உங்கள் ஊர்க் குளத்திலோ கல் எறிந்து விளையாடியிருப்பீர்கள். 'டுபுக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது எங்கிருந்து வருகிறது? இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர், நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன்!

புதுக்கோட்டைக்குப் பக்கத்து மாவட்டமான திருச்சியில், திருவானைக்காவலில், 1888, நவம்பர் 7ம் தேதி பிறந்தார் ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907ல், 18 வயதிலேயே கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். கை நிறைய சம்பளம். ஆனால், மனமோ அறிவியலைத் தேடியது.

ஒருநாள், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தவர், உள்ளே போக கதவைத் தட்டினார். திறந்தவர் அங்கு வேலை பார்த்த அசுதோஷ் டே. அன்று முதல் காலையிலும், மாலையிலும் ராமனுக்கு அங்கே ஆராய்ச்சி தான். அசுதோஷ் அவருக்கு உதவியாளர் ஆனார்.

கடந்த 1917ல், அரசு வேலையை விட்டு பேராசிரியர் ஆனார் ராமன். சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது; அவர் கவலைப்படவில்லை.

தண்ணீர் தெறிக்கும்போது எழும் ஓசை பற்றிய அவரது கட்டுரை, 1920ல் 'பிலசாபிகல் மேகசின்' என்ற ஆங்கில இதழில் வெளியானது. 'உதவியாளர் தானே' என்று ஒதுக்காமல், அசுதோஷின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்தே போட்டார் ராமன்.

சரி, சத்தத்தின் ரகசியம் என்ன? கல் விழுந்ததும் தண்ணீரில் ஒரு பள்ளம் உண்டாகிறது. சுற்றியுள்ள தண்ணீர் நாலாபுறமும் நெருக்க, பள்ளத்தின் நடுப்பகுதி சட்டென்று மூடிக் கொள்கிறது. உள்ளே மாட்டிய காற்றுக் குமிழி சுருங்கி விரிந்து அதிர்கிறது, அதுதான் 'டுபுக்'! மூடிய இடத்திலிருந்து ஒரு நீர்த்தாரை மேலே பீய்ச்சி அடிக்கும். நீர்ப்பரப்பில் வெடி வெடித்தாலும் பள்ளமும், தாரையும் உண்டாகும்.

பின், 1928ல் ஒளிச்சிதறலில் 'ராமன் விளைவை'க் கண்டுபிடித்து, 1930ல் நோபல் பரிசு பெற்றார். 1970, நவம்பர் 21ல் மறைந்தார்.

வீட்டு வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒரு கூழாங்கல்லை நீர்மட்டத்தை ஒட்டி மெதுவாக விடுங்கள். பிறகு, கொஞ்சம் உயரத்திலிருந்து விடுங்கள். இரண்டு சத்தமும் ஒன்று தானா? காது கொடுத்துக் கேளுங்கள். ஆராய்ச்சி இப்படித்தான் ஆரம்பிக்கிறது குட்டீஸ்!