சிந்தாமணி இரகுநாதாசாரியார்

தாம்பரம் மின்தொடர் கடந்து செல்லும் நுங்கம்பாக்கத்தில் அந்நாளில் சென்னை வானாய்வுக்கூடம் இயங்கியது. அங்கு முதல் உதவியாளராகப் பணியாற்றியவர் இரகுநாதாசாரியார். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தை ஆராய வனபர்த்திக்குச் சென்ற குழுவை அவரே நடத்தினார். சந்திரனினும் கதிரவன் ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. தொலைவும் ஏறத்தாழ அத்தனை மடங்கே. ஆதலின் இரண்டும் கண்ணுக்கு ஒத்த வட்டங்களாய்த் தோன்ற, ஒன்று மற்றொன்றை முற்றும் மறைக்கிறது. வியத்தகு பொருத்தமன்றோ! சந்திரனினும் பெரிய வெள்ளியோ, நெடுந்தொலைவில் இருப்பதால், 1874 டிசம்பர் 9 அன்று கதிரவன்மீது கரும்புள்ளியாகவே ஊர்ந்தது. அந்நிகழ்வை மக்களுக்கு விளக்க அவர் இயற்றிய சிறுநூல் உருதுவிலும் வெளிவந்தது.

பஞ்சாங்கக் கணக்கு கண்ணாற் காணும் வானோடு பொருந்த வேண்டும் என்றார். பழைமை போற்றியோர் எதிர்த்தனர். 1872இல் இலண்டன் இராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1880இல் மறையும்வரை அவர் தம் கொள்கையினின்று வழுவவில்லை.