பேராசிரியர் வி.கே. சமரநாயக்க

இலங்கையில் கணினிக் கல்வியின் முன்னோடி யார் என்று வினவினால் எழுதவேண்டிய பெயர் பேராசிரியர் வி.கே. சமரநாயக்க. மாணவர் பலர் பெயரை மட்டும் பாடமாக்கி வைத்திருப்பர். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் விடை வராது.

இவர் 1939 மே 22 இல் பிறந்தார். 1961 இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பட்டம் பெற்று அங்கேயே கற்பிக்கத் தொடங்கினார். 1966 இல் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது ஆய்வு கணினி பற்றியதன்று. துணிக்கைப் பௌதிகம் பற்றியது. நீண்ட கணிப்புகளே இத்துறையினர் பலரைக் கணினியின் பக்கம் இழுத்தன.

ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கிய 1982 ஆம் ஆண்டில், தேர்தல் முடிவுகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் கணினி மூலம் தொலைக்காட்சித் திரையில் காட்டும் பணியைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அவரது குழு செய்தது. இன்று இது சிறிய விடயமாகத் தோன்றும். அன்று அப்படியல்ல. 8 பிற்று நுண்முறைவழியாக்கியின் 16 முகவரிக் கோடுகளால் 65,536 பைற்றுகளையே அணுக முடியும். செய்நிரல், தரவு, திரைப்படிமம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அத்தகைய கணினியில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 8×8 புள்ளிக் கட்டம் போதும். ஒரு வரிசை ஒரு பைற்று. ஆகவே எழுத்துக்கு 8 பைற்று. 00011000 என்ற வரிசையின் பெறுமானம் 24. எங்கள் 'ணை', 'ஞ' போன்ற அகன்ற எழுத்துகள் இக்கட்டத்துக்குள் அடங்கா. அருகருகே இரு கட்டங்கள் வேண்டும். 'கொ' என்று எழுதும்போது கொம்பு மெய்க்கு முன்னும் அரவு பின்னும் வரும். ஒலிப்பதோ மெய்யை முதலில். இவ்வொழுங்கை மாற்றுவதும் செய்நிரலின் வேலையே.

1984 இல் கணினி, தகவல் தொழினுட்பப் பேரவை உருவானது. பின்னர் நீண்டகாலம் அதன் தலைவராக இருந்தார். 1987 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினித் தொழினுட்ப நிறுவகம் தோன்றியபோது அதன் பணிப்பாளரும் அவரே. 2002 இல் அது பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியாக வளர்ந்தது.

ஒவ்வொரு மென்பொருளும் எழுத்துக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தால் என்ன நடக்கும்? பாமினியில் தட்டெழுதிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்துக் குப்பையே தெரியும். வன்னியில் இந்தத் தொல்லையைப் படாத அலுவலகம் அரிது. பொதுக் குறிமுறை வேண்டும் என்பதில் பேராசிரியர் உறுதியாக நின்றார். சிங்களத்துக்கான இலங்கைத் தரநிர்ணயம் 1134 என்ற இலக்கத்தில் 1996 இல் வெளியானது. தமிழ் 1991 இலேயே யுனிகோட்டில் இடம்பெற்றிருந்தது.

இறுதியாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையத்தின் தலைவராகப் பணியாற்றினார். கிராமங்களில் 'நெனசல' அறிவகங்கள் அக்காலத்தில் திறக்கப்பட்டன. 2007 ஜூனில், அப்பதவியில் இருந்தபடியே காலமானார்.

பயிற்சி: 16×16 கட்டத்தில் ஓர் எழுத்து வடிவம் எத்தனை பைற்று? அவ்வாறான 60 வடிவங்களுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்?