நாவலரும் பிழையற்ற தமிழும்

இளைஞர் எழுத்திலே பெரியோர் சந்திப்பிழை காண்பதும், அதைப் பழமையென்று இளைஞர் ஒதுக்குவதும் நம் சங்கங்களுக்குப் புதியனவல்ல. இப்பூசலை நினைக்கும்போது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமானின் வாழ்வே நம் கண்முன் நிற்கின்றது.

1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் தேதி நல்லூரிற் பிறந்த அவர், சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் தமிழ் கற்றார். இலக்கியமும் இலக்கணமும் ஒருங்கே ஊறியமையால், சூத்திரத்தைத் தேடுமுன்னரே வழு அவர் செவிக்குப் புலப்பட்டது எனலாம்.

வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று அங்கேயே ஆசிரியருமான அவரைப் பேர்சிவல் பாதிரியார் கிறித்தவ வேதத்தைத் தமிழாக்கத் துணைக்கொண்டார். சைவர் ஒருவர் அப்பணி செய்ததை வியப்பாரும் உளர், முகஞ்சுளிப்பாரும் உளர். யாழ்ப்பாணத்தில் ஆக்கிய தமிழைச் சென்னையார் எளிதில் ஒப்பவில்லை. 1848இல் இருவரும் பிரதியுடன் சென்னை சென்றனர். மழவை மகாலிங்கையர் அதனைப் பரிசோதித்துப் பிழையற்றதென ஏற்றுக்கொண்டார். இவ்வெற்றியைச் சொல்லி நாம் மார்தட்டுவதுண்டு. பின்னர் நடந்ததை மட்டும் சொல்வதில்லை. 1850இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்புத் தமிழகத்துக் கிறித்தவரிடையே நிலைபெறவில்லை. பப்ரிசியசு முதலியோரின் பழைய வாசகமே அவர்கள் காதிற் பழகியிருந்தது. வித்துவானின் தீர்ப்புப் பெற்ற நூல் வழிபடுவோர் நாவில் ஏறவில்லை!

அதே 1848இல் மிஷன் வேலையைத் துறந்த நாவலர், வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டு திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டம் வழங்கியது. அச்சியந்திரமும் நிறுவினார்.

1852இல் வெளியான பெரியபுராண வசனத்தைப் புரட்டிப் பார்ப்போமாக. கற்றோர்க்கே எட்டிய செய்யுட்பொருளைக் கல்லாதவரும் வாசிக்கக் கேட்டு உணரும்படி எழுதினார். பொருளை மறைக்கும் சந்தி விகாரங்களைப் பெரும்பாலும் நீக்கினார். இயற்சொற்களையே மிகுதியாக ஆண்டார். நிறுத்தக் குறிகளை இட்டார். இவற்றைச் செய்தவர் இலக்கணம் அறியாதவரா? நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்தவர். தொல்காப்பியச் சேனாவரையத்தைப் பரிசோதித்து 1868இல் அச்சேற உதவியவர். எங்கே சந்தியைக் கட்டவேண்டும், எங்கே அவிழ்க்கலாம் என்பதை அவ்வாறு கற்றவர் செவியே அறியும். கற்காமல் அவிழ்ப்பது வேறு. நம் இளைஞர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது நமக்கு உடன்பாடன்று. அவர் அவிழ்த்த முடிச்சை மீண்டும் இறுக்கிக் கட்டும் பெரியோரும் நமக்கு உடன்பாடல்லர்.

மாணாக்கர்க்காகப் பாலபாடங்களையும், சூத்திரங்களை மனனஞ் செய்ய மாட்டாதார்க்காக இலக்கணச் சுருக்கத்தையும் வசனத்திலேயே எழுதினார். 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் தேதி சிவபதமடைந்தார். இலக்கணச் சுருக்கம் இன்றும் பதிப்பிக்கப்பட்டு வருகின்றது.